இல்லாத கம்பை விட்டவள்

புருசனைப் பறிகொடுத்த முப்பத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி ஒற்றைக் காலில் நிற்கப் பழகினால் உங்களுக்கு என்ன நட்டம்? யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் ஒருவராலும் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. தடுக்க மட்டும் தெரிந்திருந்தது.

செல்வநாயகி எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கணவனைக் கொழும்பில் இழந்து, அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, அண்ணன் முத்துக்குமாருவின் வீட்டில் ஒதுங்கியவள். கொழும்பில் தட்டெழுத்து வேலை செய்தாள். சனிக்கிழமைகளில் ஒரு பறங்கிப் பெண்மணியிடம் பலே நடனம் பழகினாள். பலேயில் முதற் பாடமெல்லாம் சுவரோரக் கம்பியைப் பிடித்தபடிதான். அது படிந்த பிறகே கம்பியை விட்டு அறையின் நடுவுக்கு வரவேண்டும். அவள் நடுவுக்கு வர இருந்த மாதத்தில் கொழும்பு எரிந்தது.

முத்துக்குமாரு புகையிலை பயிரிடும் கமக்காரன். வெட்டுக் காலம் வரும்வரை, இலைக்குப் புகை போடும் குடில் சும்மா கிடக்கும். இலை தொங்கவிடும் கம்பொன்றை இரண்டு கவைத்தடிகளில் இடுப்பளவு உயரத்துக்குக் கிடத்தி, கதவைச் சாத்திக்கொண்டு செல்வநாயகி பழகினாள். அண்ணனுக்குத் தெரியும், தெரியாததுபோல இருந்தான்.

மாசியில் புகையிலை வெட்டினார்கள். கம்புகள் அத்தனையும் இலைக்கு வேண்டியிருந்தன. அந்த நேரம் பார்த்துக் கோயில் சபைப் பஞ்சலிங்கம் விசயத்தை மோப்பம் பிடித்துவிட்டார்.

“முத்துக்குமாரு, உன்ரை தங்கச்சி தாலியறுத்த கையோடை குடிலுக்குள்ளை ஆடுறாளாம். மஞ்சள் தண்ணி தெளிச்சுக் கழுவாமல் புகை போட்டியெண்டால் இலை முழுக்கப் பூஞ்சணம் பிடிக்கும், சொல்லிப்போட்டன்!”

இலையைப் பதப்படுத்துவது தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகை. அந்தப் புகைக்குத் தாலியோடு இருப்பவள் யார், அறுத்தவள் யார் என்று தெரியுமா? ஆனால் ஒரு போகத்து உழைப்பைக் காட்டி வெருட்டினால் எந்தக் கமக்காரனும் தளர்வான்.

“பிள்ளை, உதை விட்டிடு,” என்றான் முத்துக்குமாரு.

“எதை அண்ணை? குடிலையோ, ஆட்டத்தையோ?”

அவன் குனிந்து ஓர் இலைக்கட்டைத் தூக்கினான்.

“குடிலை விடுறன். வெளி முத்தத்திலை பழகுறன்.”

“வேலைக்கு வந்த பொம்பிளையள் சிரிப்பினம்.”

“சிரிக்கட்டும்.”

“நீ அழுதுகொண்டு உள்ளை வந்தியெண்டால் அதோடை சரி. பிறகு ஆட்டக் கதை கதைக்கப்படாது.”

“ஓம்.”

அன்று பின்னேரம், இலை கட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு முன்னால், பிடிக்க ஒன்றுமில்லாத முற்றத்தின் நடுவில் அவள் நின்றாள். ஒரு காலை மடித்து மற்றக் காலோடு ஒட்டினாள். குதிகாலை உயர்த்தினாள். இடப்பக்கம் சரிந்து புழுதியில் குந்தினாள். எழும்பினாள். திரும்பவும் இடப்பக்கமே சரிந்தாள்.

“செல்வநாயகியக்கா!” இலை கட்டிய அருமைநாயகி கத்தினாள். “உதிலை ஆரின்ரை கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்? பேயின்ரையோ?”

முற்றம் அதிரச் சிரித்தார்கள். செல்வநாயகி தன் இடக்கையைப் பார்த்தாள். அது வெறுங்காற்றை இறுகப் பொத்திக்கொண்டிருந்தது. கம்பில் விரலை மெல்ல வைக்க வேண்டியவள், இத்தனை மாதமும் அதில் தொங்கியிருக்கிறாள். கம்பு போயும் கை விடவில்லை. உடம்பு கையின் பின்னால் போகிறது. அவளுக்கே சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு கையை விரித்தாள். தோளைத் தளர்த்தினாள். பாரம் முழுவதையும் நிற்கும் காலுக்குக் கொடுத்தாள். குதி உயர்ந்தது. நின்றாள். ஒரு மூச்சளவுதான்.

“இன்னொருக்கா அக்கா!”

சிரிப்புச் சத்தம் கேட்டு ஓடிவந்த முத்துக்குமாரு வேலியோரம் நின்றுவிட்டான். கப்பலால் இறங்கிய நாள் தொட்டு அவள் சிரித்து அவன் கேட்டதில்லை. நேரே குடிலுக்குப் போய், தொங்கவிட்டிருந்த இலைக்குக் கீழே நெருப்பை மூட்டினான்.

“கழுவினியோ?” என்று மறுநாள் பஞ்சலிங்கம் கேட்டார்.

“கழுவேல்லை. புகை போட்டாச்சு.”

இலை நல்ல நிறத்தில் இறங்கியது. பஞ்சலிங்கமே சுருட்டுக்கென்று கொஞ்சம் வாங்கிப் போனார்.

செல்வநாயகி இப்போதும் பின்னேரங்களில் முற்றத்தில் பழகுகிறாள், இன்னும் விழுகிறாள், முன்னரைவிடக் குறைவாக. உங்கள் தெருவிலும் ஒழுங்கையிலும் வெள்ளைச் சேலைக்குள் ஒரு பெண்ணை உட்கார்த்தி வைத்திருப்பீர்கள். இன்றைக்கே அவளிடம் போங்கள். என்ன பழக விருப்பம் என்று கேளுங்கள். அவள் சொன்னதும், முற்றத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள்.