சம்பந்தத்தை முறித்த ரத்தப் பரிசோதனை

நான்கு வருடமாக என் அண்ணி அண்ணனைச் சுவரொட்டி கொடுத்தே கொன்றுகொண்டிருந்தாள். கீரப்பாளையம் கறிக்கடையில் சொல்லிவைத்து, ஞாயிறு தவறாமல் அந்த ஆட்டு மண்ணீரலை வாங்கி, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துக் கொடுப்பாள். அசதியா, விரல் முட்டி வலியா, உடம்பில் ரத்தம் இல்லை. ரத்தம் இல்லையென்றால் சுவரொட்டி, முருங்கைக்கீரை, இரும்பு மாத்திரை. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. எனக்கும் அதே அசதி வந்தபோது, கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டில் உட்கார்ந்து அதே மாத்திரையை இரண்டு வருடம் விழுங்கினேன்.

அங்கே ஒரு டாக்டரம்மாதான் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்பின் அளவு அது; இருநூறுக்குள் இருக்க வேண்டியது, எனக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமும் எண்பது சதவீதம் நிரம்பியிருந்தது. ஃபெரிட்டின் மட்டும் ஏறியிருந்தால் வேறு காரணம் இருக்கலாம், இரண்டும் ஏறியிருப்பதால் மரபணுவைப் பார்த்துவிடலாம் என்றார். சாப்பாட்டிலிருந்து இரும்பை அளவுக்கு மீறி உறிஞ்சிச் சேர்க்கவைக்கும் பழுதான மரபணு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு எனக்கு வந்திருந்தன. அவர்கள் அத்தை மகன், மாமன் மகள். கூடப்பிறந்தவருக்கும் இருக்கலாம், ஈரல் கெடுவதற்குள் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

அண்ணனிடம் போனேன். அவன் மகளை அத்தைக்காரி நான் என் மகனுக்கு எடுப்பதாகப் பல வருடப் பேச்சு. நான் ரிப்போர்ட்டை நீட்டியதும் அண்ணி காபித் தம்ளரை நங்கென்று வைத்தாள். பெண்ணை வேண்டாமென்று சொல்ல வழி தேடி, வியாதியை ஜோடித்துக்கொண்டு வந்திருக்கிறேனாம். அண்ணன் அந்தத் தாளைத் தொடக்கூட இல்லை. மூன்று முறை போனேன், மூன்று முறையும் அதே பேச்சு. கடைசி முறை பார்த்தபோது வெயிலில் நிற்காமலே ஆள் கருத்துப்போயிருந்தான். இரும்பு மிஞ்சினால் தோல் அப்படிக் கருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சோதனைய எடுண்ணே. எடுத்தீன்னா ஆவணியில தேதி குறிச்சிடலாம்," என்றேன்.

வடிகட்டின பொய். அவனுக்கும் இருந்தால் எங்கள் பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு பழுதைச் சுமப்பார்கள்; அவர்களால் வாழ்ந்துவிட முடியும், ஆனால் அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு இரண்டும் சேரலாம் என்று டாக்டரம்மா அப்போதே படம் போட்டுக் காட்டியிருந்தார்.

சிதம்பரத்தில் ரத்தம் கொடுத்தான். ஃபெரிட்டின் என்னுடையதைப்போல் மூன்று மடங்கு. மரபணுவும் எனக்கு இருப்பதேதான். ஈரல் இறுக ஆரம்பித்திருந்தது, முழுதாகக் கெட்டுவிடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை ரத்தத்தை எடுத்து வெளியேற்றினால்தான் இரும்பு இறங்கும் என்றார்கள். அன்றைக்கே சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் அழுதது. அண்ணி மண்ணை வாரித் தூற்றினாள். தூற்றட்டும். சுவரொட்டி வறுத்த கைதானே.

முதல் தடவை ரத்தம் எடுக்கும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை.

"என் உசுருக்காக எம் பொண்ண ஏமாத்திட்ட," என்றான்.

"ஆமா. நல்லாத் திட்டு. திட்டறதுக்கு நீ இருக்கணும்ல."