பாலில் நாலு இழை குங்குமப்பூ

1. கர்ப்பிணியான என் அக்காவுக்கு இரும்புச்சத்துக் குறைவு என்று கிளினிக்கில் குளிசை கொடுத்தார்கள்.
2. கட்டாரில் வேலை செய்யும் அத்தான் ஒரு சின்னப் பெட்டி குங்குமப்பூ அனுப்பினார்.
3. அத்தானின் தாயார், நாங்கள் மாமி என்று அழைப்பவர், இரவில் பசும்பாலில் நாலு இழை போட்டு, அந்தப் பாலோடேயே குளிசையையும் விழுங்க வைத்தார்.
4. அடுத்த சோதனையில் இரத்தத்தில் இரும்பின் அளவு இன்னும் இறங்கியிருந்தது. ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுத்து ஊசியால்தான் ஏற்றவேண்டும் என்றார் டொக்டர்.

துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிப்பது என் வேலை. அன்று மாலை நேராக அன்புவழிபுரத்திலுள்ள அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா அழுது முகம் வீங்கி இருந்தாள். மாமி குசினியில் பால் காய்ச்சிக்கொண்டு நின்றார்.

"இனி எட்டு இழை போடுவம் பிள்ளை. பெட்டியில பாருங்கோ, இரும்பு எவ்வளவு எண்டு போட்டிருக்கு."

பார்த்தேன். உண்மைதான்.

"மாமி, இது நூறு கிராமுக்குரிய கணக்கு. இந்தப் பெட்டியில எவ்வளவு இருக்கு?"

"ஒரு கிராம் எண்டு மகன் சொன்னவன்."

"அதில நாலு இழை. எட்டு இழை போட்டாலும் அந்த இரும்பு ஒரு பிடி கீரைக்குக் கிட்ட வராது."

மாமியின் முகம் மாறியது. "அப்ப என்ர பிள்ளை அனுப்பினது குப்பையோ?"

"ஐயோ, இல்லை. பாலைக் கண்டாலே குமட்டி ஓங்காளிச்ச அக்கா, இப்ப மிச்சம் வைக்காமல் குடிக்கிறா. அது இந்த மணத்தாலதான். ஆனா குளிசையைப் பாலோட குடிச்சா இரும்பு உடம்பில சேராது. ரெண்டுக்கும் ஒத்துவராது."

"பாலுக்கும் குளிசைக்கும் என்ன சண்டை?"

"மாமிக்கும் மருமகளுக்கும் வாற மாதிரித்தான்."

"எடியே, இந்த வீட்டில ஆர் சண்டை பிடிச்சது?" என்று மாமி கரண்டியை ஓங்கினார். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

அடுத்த நாளிலிருந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், இரும்பு சேர உதவும் புளிப்பான தேசிக்காய்த் தண்ணீரோடு குளிசை, படுக்கப்போகும்போது பால். சோற்றோடு முருங்கையிலைச் சுண்டலும் நெத்தலி மீனும். தேநீரும் இரும்பைத் தடுக்கும் என்று நான் சொன்னதால், அதைக்கூடக் குளிசைக்குக் கிட்ட வரவிடாமல் மாமி காவல் இருந்தார்.

பிறகொரு நாள் அவர் அத்தானோடு போனில் கதைத்தது என் காதில் விழுந்தது. "பூ நல்ல பூ மகன். நிறம், மணம் எல்லாம் முதல்தரம். ஆனா இரும்புக்கு அதை நம்பேலாது. அதுக்குக் குளிசைதான். பாலோட இல்லை, விளங்குதோ?"

பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருக்கவில்லை. மகன் அனுப்பியதை விட்டுக்கொடுக்காமல், மருமகளின் இரத்தத்தையும் விட்டுக்கொடுக்காமல் பேச எத்தனை பேருக்கு வரும்?

அக்காவுக்கு இப்போது எட்டாம் மாதம். இரத்தத்தில் இரும்பின் அளவு ஏறிவிட்டது. ஊசி தேவையில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார்.