நேராகக் கேட்க வேண்டிய கேள்வி

அந்தப் பெண்மணி சரியாகப் பத்து மணிக்கு அழத் தொடங்கினார். பத்தரைக்கு நிறுத்திவிட்டு, டீ குடித்து, இரண்டு பிஸ்கட்டும் தின்றார். பெயர் மார்கரெட், ஓய்வுபெற்ற ஆசிரியை. மனம் உடைந்தவராக நடிப்பதற்கு இங்கே மணிக்கணக்கில் சம்பளம் உண்டாம். அடிலெய்டில் பாராமெடிக்காக ஆம்புலன்ஸ் வண்டியில் ஏற வேண்டுமானால் மனநல முதலுதவியிலும் தேறியாக வேண்டும் என்று சொல்லி என்னை அந்த வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். மனசுக்கு முதலுதவி என்றால் பஞ்சையும் மருந்தையும் எங்கே வைப்பார்கள் என்று எனக்கு ஒரே வியப்பு.

மார்கரெட்டின் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து, "தற்கொலை செய்ய நினைக்கிறீர்களா?" என்று சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். அதுதான் தேர்வு. எட்டு வருடம் ஊரில் ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவன் நான். வாயைத் திறந்தேன். சாப்பிட்டீர்களா என்றுதான் வந்தது, "ஹேவ் யூ ஈட்டன்?" அவர் அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு, "லஞ்ச் பன்னிரண்டரைக்குத்தான். ரொம்பப் பசிக்கிறதா?" என்று பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். வகுப்பே சிரித்தது. பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு, அதிலும் கேட்காவிட்டால் உரிமம் கிடையாது என்றார்.

எங்கள் பக்கம் அந்தக் கேள்வியை யார் கேட்பார்கள்? எங்கள் ஊர் கருங்கல்லின் சுற்றுவட்டாரத்தில், குடிக்கக் கூடாததைக் குடித்தவர்களை எத்தனையோ முறை ஏற்றியிருக்கிறேன். "தெரியாம குடிச்சிட்டாரு" என்பார்கள் வீட்டார். நானும் தாளில் அப்படியே எழுதுவேன். வண்டி ஓட்டும் தங்கராஜ் கண்ணாடியில் என்னைப் பார்ப்பான். இருவருக்கும் உண்மை தெரியும். படுத்திருப்பவரிடம், "காலத்த வல்லதும் தின்னியளா?" என்று காலைச் சாப்பாட்டை மட்டும் கேட்பேன். அதில் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் கீரிப்பாறையிலிருந்து ஏற்றிவந்த ஒருவர் ஆஸ்பத்திரி வரைக்கும் என் மணிக்கட்டை விடவில்லை. நான் ஏதோ கேட்கப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அவரிடமும் சாப்பாட்டைத்தான் விசாரித்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா?" என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். "ஆகாது. இருந்தால், பேச ஒரு வழி கிடைக்கும்" என்றார். நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. வியாழக்கிழமை மாலை வீட்டில் ஒத்திகை பார்த்தேன். ஆங்கிலத்தில் சுலபமாக வந்தது. அந்தச் சொற்கள் என்னைச் சுடவில்லை. நம்ம பேச்சில் ஒருமுறை கேட்டுவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று தங்கராஜுக்குப் போன் செய்தேன். அவன் வண்டி வேலையை விட்டு நான்கு மாதம் ஆகிறது. கொஞ்ச நாளாகப் போனில் "ம்" தவிர வேறு பேச்சில்லை. அலுப்பாக இருப்பான் என்று விட்டிருந்தேன்.

"நாளைக்கு எனக்குப் பரீட்சை. ஒரு கேள்வி கேப்பேன், பதில் சொல்லணும்."

"கேளு."

"மக்கா, சாவணும்னு நெனைக்கியா?"

சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"இது பரீட்சைக்கா, எனக்கா?"

"ஒனக்குத்தான்."

"நெனைக்கேன் மக்கா. ரெண்டு மாசமா. ஆரும் கேக்கல்ல."

கேட்ட பிறகு ஆளைத் தனியாக விடாதே என்று பாடத்தில் இருக்கிறது. பல கடல் தாண்டி நிற்பவன் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. "போன வைக்காத லே. மேரி எங்க?" என்றேன். அவன் மனைவி அடுக்களையில் இருக்கிறாள் என்றான். "கூப்பிடு. அவ ஒன் பக்கத்துலயே இருக்கட்டு. இண்ணைக்கே டாக்டர்ட்ட போணும், நான் அவகிட்ட சொல்லுகேன்."

"ஏட்டி மேரி, இஞ்ச வா." அவன் குரல் உடைந்தது. அவள் ஓடி வரும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் என் காலைப் பார்த்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஆம்புலன்ஸ் வேலைக்கு வாங்கிய ஷூ இரண்டையும் மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டி முடித்திருந்தேன். கதவைத் திறந்தால் அடிலெய்டின் தெருதான் இருக்கும்.