முயல் கூண்டின் மேல் போட்ட தகரம்

பசங்களா, நேற்று குமார் தாத்தா வந்தபோது ஏன் ஃபேன் போடவில்லை என்று கேட்டீர்களே, நம் வாடகை வீட்டுத் தகரக் கூரை வெயிலில் காய்ந்த அந்த வாடைதான் காரணம். ஒரகடத்தில் இன்று கம்பெனி லாரிகள் நிற்கிற இடம் என் சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பின்பக்கம். அங்கே புழுக்கை கீழே விழக் கம்பிவலைத் தரையும், மேலே குளிர்ச்சியாகத் தென்னங்கீற்றும் போட்ட என் முயல் கூண்டு இருந்தது, பனி ஈரம் போக உலர்த்திய அருகம்புல்லை என் முயல் வெள்ளச்சி நறுக் நறுக்கென்று கடிக்கிற சத்தத்தில்தான் எனக்குப் பொழுதே விடியும்.

ஒருநாள் உங்கள் தாத்தா, அதான் என் குமார் மாமா, தன் குளியல் மறைப்புக்கு அந்தக் கீற்றை உருவிக்கொண்டு, கூண்டின் மேல் தகரத்தைப் போட்டார்.

"சூடு ஏறும் மாமா" என்று அழுதேன்.

"முயலுக்கு ஒன்னும் ஆவாது, போடா!"

பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், காய்ந்த தகர வாடைக்குள் வெள்ளச்சி செத்துக் கிடந்தாள். காது மட்டும் அப்போதும் சுட்டது.

நேற்று அதே மாமா, "இன்னாடா, வூடு இப்படி வேகுது, ஃபேனப் போடு" என்றார். ஸ்விட்சில் கை வைத்தபடி, "வெள்ளச்சிய ஞாபகம் இருக்குதா மாமா?" என்று கேட்டேன்.

"யார்றா அது?"

கையை எடுத்துவிட்டேன்.

"உனக்கு ஒன்னும் ஆவாது மாமா."