முப்பத்தெட்டு அடி வரிசை

அந்த ஓவியக் கல்லூரியில் ஆமை என்றால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று பதிவேட்டில் இருக்கத்தான் இருந்தது. அதை யாரும் கூப்பிட்டுத் தேய்க்கவில்லை. மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் மூன்று படம் போட்டுவிட்டு கான்டீனில் அரட்டை அடித்துக்கொண்டிருப்பார்கள். இவள் ஜாடியின் விளிம்பையே இன்னும் முடித்திருக்க மாட்டாள். பேச்சும் அப்படித்தான். பதில் நெஞ்சிலிருந்து புறப்பட்டு வாய்க்கு வந்து சேர்வதற்குள் கேட்டவர் அடுத்த தெருவில் இருப்பார்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல கை. ஆனால் கை மட்டும் நன்றாக இருந்து என்ன பிரயோஜனம்? போன வருடம் இறுதித் தேர்வில் தோற்றுப்போனாள்.

அந்தத் தேர்வு எழுதுகிற தேர்வு இல்லை. ஆளுக்கொரு சுவர் கொடுப்பார்கள். அதில் தன் படைப்பைக் காட்சிக்கு வைக்க வேண்டும். ஐந்து நாள் ஊர் ஜனம் வந்து பார்க்கும். மூன்றாம் நாள் வெளியிலிருந்து மூன்று தேர்வாளர்கள் வந்து மதிப்பெண் போடுவார்கள். போன வருடம் குலுக்கலில் ஆமைக்கு விழுந்தது நுழைவாயிலை ஒட்டிய சுவர். வகுப்பே வயிறெரிந்தது. அவளும் ஆறடி அகலத்தில் ஒரு பேருந்து நிலையத்தை, மழையோடு, எண்ணெய் வண்ணத்தில் வரைந்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள்.

நடந்தது என்ன? வாசலில் இருக்கும் படத்தை யார் பார்க்கிறார்கள்? வந்தவர்கள் குடையை மடக்கினார்கள், தெரிந்த முகத்தைத் தேடினார்கள், காபி எந்தப் பக்கம் என்று அம்புக்குறியைப் பார்த்தார்கள். ஆமை கைக்கடிகாரத்தோடு ஓரமாய் நின்று கணக்கெடுத்தாள். அதிகபட்சம் ஒன்பது விநாடி. அதுவும் ஒரு மனிதர் படத்தின் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டதால். தேர்வாளர்கள் அரை நிமிடம் நின்றார்கள். படம் சரியாகத்தான் இருக்கிறது, எதற்காக வரைந்தாய் என்றுதான் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அவளுடைய அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கெட்டவர் இல்லை. கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைக்கும் வாடிக்கையாளர்களைத் திட்டித் தீர்ப்பார்; ஆள் இல்லாதபோது தன் கண்ணாடியைச் சட்டை நுனியில்தான் துடைப்பார். அது மகளுக்கு மட்டும் தெரியும். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"இன்னொரு தடவை பாரு. இந்தத் தடவையும் ஆகலைன்னா கடைக்கு வந்துடும்மா. இதுவும் கண்ணு சம்பந்தப்பட்ட தொழில்தானே."

ஆமை தலையை ஆட்டினாள். ராத்திரி தலையணை நனைந்தது வேறு கதை. கடையில் உட்கார்ந்து, கீழ்வரிசை எழுத்து தெரிகிறதா என்று ஆயுசு முழுக்கக் கேட்பதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

அப்போது கையைப் பிடித்து வெளியே இழுத்தது அத்தை. அப்பாவின் தங்கை. பேருந்து நிலைய விசாரணைக் கவுண்டரில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவள். மைக் கெட்டுப்போனாலும் ஆறாவது நடைமேடை வரை கேட்கும் குரல். அத்தைக்கு ஓவியம் பற்றி அ, ஆ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காது, அவ்வளவுதான். பூ ஓவியக் காட்சி, மண்பாண்டக் காட்சி, தபால்தலைக் காட்சி என்று எது நடந்தாலும் இருவரும் ஆஜர். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. அதனால் எந்த அரங்குக்குள் நுழைந்தாலும் அவளுடைய முதல் கேள்வி ஒன்றேதான். ஆமைக்கு ஊரிலுள்ள அத்தனை அரங்குகளின் கழிப்பறையும் அத்துப்படி. இரண்டு கைப்பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நிற்பது அவள் வேலை.

ஒரு ஞாயிறு, பெரிய ஓவியர் ஒருவருடைய கண்காட்சி. கூட்டம் பின்னாலிருந்து தள்ள, பதினான்கு பிரம்மாண்ட ஓவியங்களை இருபது நிமிடத்தில் தாண்டிவிட்டார்கள். கழிப்பறை வரிசைதான் நகரவில்லை. அங்கே தீயணைப்பு உருளைக்குப் பக்கத்தில், யாரோ இடமில்லாமல் மாட்டிவைத்த கையகலப் படம் ஒன்று. ஒரு பழைய கெட்டில், பென்சிலில். வேறு போக்கிடம் இல்லாமல் பன்னிரண்டு நிமிடம் ஆமை அதையே பார்த்தாள்.

திரும்பும் பேருந்தில் யோசித்தால், பதினான்கில் ஒன்றுகூட நினைவில் இல்லை. அத்தைதான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"அந்த கெட்டில் மூடியில ஒரு நசுங்கல் இருந்துச்சே, கவனிச்சியா? பாவம், யாரோ கீழ போட்டிருக்காங்க."

ஆமை நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஓவியம் பற்றி ஒரு வார்த்தை பேசாத அத்தை, ஒரு மூடியின் நசுங்கலுக்குப் பாவம் பார்க்கிறாள். கெட்டிலை வரைந்தவர் இவர்கள் இருவரையும் நிற்கவைத்துவிட்டார். இல்லை, நிற்கவைத்தது வரிசை. அந்த எண்ணம் வந்த நிமிடத்திலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவள் வரிசை வரிசையாய்ப் போய் நின்றாள். வங்கி, ஆஸ்பத்திரி மருந்தகம், தண்ணீர் வரி கட்டும் ஜன்னல், ஒரு வேலையும் இல்லாமல். சனிக்கிழமைகளில் கவுண்டருக்குள் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் அத்தை ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாள். காத்திருக்கும் மனிதர்களை முகத்துக்கு நேரே பார்க்கும் பாக்கியம் எத்தனை ஓவியர்களுக்குக் கிடைக்கும்? டிக்கெட்டைச் சிறிது சிறிதாய் மடித்துக் கப்பல் செய்பவர், முன்னால் நிற்பவரின் செய்தித்தாளைத் திருட்டுத்தனமாய்ப் படிப்பவர், ஒரு செருப்பைக் கழற்றிக் குதிகாலை மறு பாதத்தின்மேல் வைத்து ஆசுவாசம் தேடும் பெண். மூன்று நோட்டுப் புத்தகங்கள் நிரம்பின.

தோற்றவர்கள் முதலில் சுவர் தேர்ந்தெடுக்கலாம் என்பது கல்லூரியின் ஒரே கருணை. வெளிச்சம் விழும் நடுக்கூடத்தைத்தான் ஆமை கேட்பாள் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டது கழிப்பறைக்குப் போகும் வராந்தா. பொறுப்பாசிரியர் காதில் சரியாக விழவில்லையோ என்று இரண்டு தரம் கேட்டார். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்களே, இப்போது கழிப்பறையும் போச்சு என்று வகுப்பில் ஒருவன் சொல்ல, சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

அந்த வராந்தா முப்பத்தெட்டு அடி நீளம். கோடியில் இரண்டு கழிப்பறைகள். அதில் ஒன்று, சாவி தொலைந்த நாளிலிருந்து பூட்டியே கிடக்கிறது. ஆகவே ஊருக்கெல்லாம் ஒன்று. ஆமை மூன்று நாள் பினாயில் ஊற்றித் தேய்த்தாள். பிறகு காகிதச் சுருள்களை ஒட்டி, சுவர் முழுக்க, தரையைத் தொடும்படி விரித்து மாட்டினாள். கரிக்கோலில் இருபத்து நான்கு பேர், ஆள் உயரத்தில், வரிசையாக. நிஜ வரிசை சுவரோரமாய் நிற்கும்போது படத்து வரிசையும் கூடவே நிற்கும். ஓர் அடி நகர்ந்தால் பக்கத்தில் வேறொருவர். அவசரத்தில் பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு அடியாய் நகர்கிறவர்களுக்கென்றே வரைந்தது அது.

முதல் நாளே ஒரு வேடிக்கை. இடுப்பில் கை வைத்து நின்ற பெரியவர், பக்கத்தில் அதேபோல் இடுப்பில் கை வைத்து நிற்கும் கரிக்கோல் பெரியவரைக் கண்டு, மெல்லக் கையை எடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். அவசரமாய் வந்த ஓர் அம்மா, படத்திலிருக்கும் கடைசி ஆளிடம், வரிசை இதுதானே என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாத திமிரைப் பார் என்று முணுமுணுத்தாள். ஆமை கைக்கடிகாரத்தை எடுத்தாள். ஏழு நிமிடம். ஒன்பது நிமிடம். பன்னிரண்டு. அவளுக்குக் கைகால் ஓடவில்லை.

மூன்றாம் நாள் தேர்வாளர்கள் வந்தார்கள். தலைமைத் தேர்வாளர் சிரிப்பைக் கடனுக்குக்கூட வாங்காதவர், கையில் கோப்பு. ஒன்று முதல் இருபத்திரண்டு வரை எண்ணிட்ட சுவர்களைப் பார்த்து முடித்துவிட்டு, அலுவலக அறைக்கு டீ குடிக்கப் போனார்கள். வராந்தாவுக்கு எண்ணே கிடையாது. எழுத்தர் ஓடிவந்து ஆமையிடம் சங்கடத்தோடு சொன்னார்.

"பட்டியல்ல உனக்குச் சுவரே இல்லம்மா. வரலைன்னு போட்டுட்டாங்க."

நெஞ்சில் பதில் கிளம்பியது, வாய்க்கு வரவில்லை. ஒரு வருடம், மூன்று நோட்டு, முப்பத்தெட்டு அடி, எல்லாம் ஒரு சொல்லில் போயிற்று. கண்ணுக்கு முன்னால் கடையின் எழுத்துப் பலகை தெரிந்தது. அத்தை விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அலுவலகத்துக்குள் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று புடவையை இழுத்துச் செருகினாள். வேண்டாம் அத்தை, சிபாரிசு என்று ஆகிவிடும் என்று ஆமை தடுத்தாள். அத்தை ஒரு கணம் யோசித்தாள்.

"சரி. டீ குடிக்கிறவங்க எல்லாம் கடைசியில நம்ம பக்கம்தானே வந்தாகணும்."

நேரே டீக்காரரிடம் போனாள். உள்ளே இருக்கும் மூவருக்கும் இன்னொரு டீ, பெரிய கப்பில் என்று சொல்லிவிட்டு, வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

இருபது நிமிடம் ஆனது. தலைமைத் தேர்வாளர் வந்தார். எழுத்தர் முன்னால் ஓடி, சாருக்கு வழி விடுங்கள் என்று வரிசையை ஒதுக்கப் பார்த்தார். ஆமைக்கு உயிர் போய்விட்டது. நேரே போனால் முப்பத்தெட்டு அடியும் பத்து விநாடி. அப்போது ஆறாவது நடைமேடைக் குரல் கேட்டது.

"யாரா வேணா இருக்கட்டும். வரிசைன்னா வரிசைதான். கடைசியில நிக்கச் சொல்லுங்க."

இருபத்தாறு வருடம் எத்தனையோ அதிகாரிகளைப் பின்னால் அனுப்பிய குரல் அது. அவர் அத்தையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கடைசிக்குப் போய் நின்றார்.

முதல் இரண்டு அடிக்குக் கடிகாரத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது அடியில் தலை திரும்பியது. கப்பல் மடிப்பவரின் விரல்களைப் பார்த்தார். நகர்ந்தார். செருப்பைக் கழற்றிய பெண்ணின் குதிகாலைக் குனிந்தே பார்த்தார். அவருக்கு முன்னால் வரிசையில் இடைவெளி விழுந்தது. பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். ஒரு நிமிடம் என்றார் இவர். எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்ற ஆமை கடிகாரத்தைப் பார்க்கவே மறந்துபோனாள். கடைசியில் அவர் முறை வந்தது. கதவு திறந்தது. அவர் பின்னால் திரும்பினார்.

"நீங்க போங்க. நான் இன்னும் பாத்து முடிக்கல."

அடுத்தவரையும் போகச் சொன்னார். அதற்கடுத்தவரையும். இரண்டு கப் டீயைத் தாங்கிக்கொண்டு ஒரு மனிதர் இப்படி நின்றால் அதைவிடப் பெரிய பாராட்டு உலகத்தில் உண்டா?

உள்ளே போய் வந்து, இது யாருடைய வேலை என்று கேட்டார். எழுத்தர் வாயைத் திறப்பதற்குள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஆமை முந்திக்கொண்டாள்.

"என்னோடது சார். இந்தச் சுவருக்கு நம்பர் இல்ல. வரலைன்னு போட்டிருக்கீங்க. நான் வந்திருக்கேன்."

அவர் கோப்பைத் திறந்து ஒரு வரியை அடித்தார். மற்ற இருவரையும் கூட்டிவரச் சொன்னார். முன்னால் வர எத்தனித்தவர்களைக் கையைக் காட்டிக் கடைசிக்கு அனுப்பினார். ஆமை தேர்ச்சி பெற்றாள். முதலிடம் எல்லாம் இல்லை, ஏழாவது. அது போதாதா? நான்காம் நாள், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, தங்கள் வராந்தாவுக்கு இதேபோல் வரைய முடியுமா என்று கேட்டு தொலைபேசி எண் வாங்கிப் போனாள்.

அப்பா கடைசி நாள் கடையை மூடிவிட்டு வந்தார். தேர்ச்சிச் செய்தி தெரிந்தும் வீட்டில் பெரிதாக எதுவும் சொல்லாதவர். வரிசையின் கடைசியில் போய் நின்றார். கப்பல் மடிப்பவரைத் தாண்டினார். பதினேழாவது ஆளிடம் வந்ததும் நின்றுவிட்டார். அங்கே ஒரு மனிதர், யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். காது மடலில் தழும்பு, மேல் பித்தான் இல்லாத சட்டை. ஒன்றும் விட்டுப்போகவில்லை.

வரிசை அவரைத் தாண்டிப் போயிற்று. ஒருவர், மூவர், ஏழு பேர். அவர் தன் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். பின்னாலிருந்து அத்தைதான் பொறுமை இழந்தாள்.

"அண்ணா, உள்ள போறியா இல்லையா? எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு."

அப்பா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நகர்ந்து வழி விட்டார்.

"எனக்கு உள்ள ஒரு வேலையும் இல்ல. நீ போ."