ஞானகுமாரி இழுத்த நூல்

ஞானகுமாரியின் பொறாமை லேசுப்பட்ட பொறாமை இல்லை. செரிக்காத சாப்பாடு மாதிரி நெஞ்சிலேயே நிற்கும். ஆனால் கண்டவர்மேல் எல்லாம் வராது. ஊரில் யார் கார் வாங்கினாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி புது வளையல் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். எல்லாம் ஒரே ஒருத்திமேல்தான், கூடப்பிறந்த தங்கை ஜாஸ்லின்மேல்.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆவடியில் ராணுவத்துக்குக் கூடாரம் தைக்கும் தொழிற்சாலையில் அவர்களுடைய அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு வேலை வீட்டில் ஒருவருக்குத்தான். மூத்தவள் என்பதால் ஞானகுமாரி காலேஜை இரண்டாம் வருஷத்தோடு முடித்துக்கொண்டு, பத்தொன்பது வயதில் தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அந்தச் சம்பளத்தில் ஜாஸ்லின் இன்ஜினீயரிங் படித்தாள். பெரிய கம்பெனியில் சேர்ந்தாள், ஜாபஸைக் கட்டிக்கொண்டாள், மேனாம்பேட்டில் ஃபிளாட் வாங்கினாள். அக்கா இருபத்தெட்டு வருஷமாக அதே கூடாரப் பிரிவில் இருக்கிறாள். இப்போது அவள் தைப்பதில்லை, தைத்து வருவதைச் சோதிக்கிறாள். கட்டைவிரலால் தையல்மேல் தடவிக்கொண்டே போவாள். விட்டுப்போன ஒரு கண்ணிகூடத் தப்பாது. அவள் முத்திரை விழாமல் எந்தக் கூடாரமும் வாசலைத் தாண்டாது. ஆனால் ஒரு நாள்கூட அவள் எந்தக் கூடாரத்திலும் படுத்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஜாஸ்லின் போன் போட்டாள்.

"அக்கா, டென்ட் வாங்கிகீறோம்கா! காத்தடிக்கிற படகு, மடக்குற அடுப்பு, ஸ்லீப்பிங் பேக், எல்லாம் செட்டா வந்துடுச்சு. சனிக்கிழம பூந்தமல்லி தாண்டி இவரோட ஃபிரெண்டு பண்ணைல போட்டுப் பாக்கப் போறோம். நீயும் ஃபெபியும் கண்டிப்பா வரணும்."

"சேரு, டேபிளு எதுவும் வாங்கலியா?" என்றாள் ஞானகுமாரி குத்தலாக.

"அதுவும் கீதுக்கா!" என்று சிரித்தாள் ஜாஸ்லின். குத்தல் அவளுக்கு உறைக்கவே இல்லை.

ஞானகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடாரம் பார்த்தே கண் பூத்துப்போனவளுக்குக் கூடாரம் காட்டக் கூப்பிடுகிறாளாம்! போகக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் மகள் ஃபெபி அதற்குள் சித்திக்கு வருகிறேன் என்று மெசேஜ் அனுப்பிவிட்டாள். புருஷன் எட்மண்டுக்கு அன்றைக்கு டியூட்டி. ஆக அம்மாவும் மகளும் கிளம்பினார்கள்.

பண்ணையில் நல்ல அகலமான ஏரி ஒன்று இருந்தது. நடுவில் புல் முளைத்த மண்திட்டு. அங்கேதான் கூடாரம் என்று ஜாபஸ் சொல்லிவிட்டான். கால்பம்பை மிதித்துப் படகுக்குக் காற்றடித்தான். கால் மணியில் அது நீளமாக, ஒல்லியாக, ஆரஞ்சு நிறத்தில் தண்ணீரில் மிதந்தது. மூன்று பேர்தான் ஏறலாம் என்பதால் இரண்டு நடையாகப் போனார்கள். ஃபெபி முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டாள்.

"சித்தி, செமையா கீது!"

போன மாதம் தொழிற்சாலைக் குடும்ப விழாவுக்குக் கூப்பிட்டபோது, "அங்க இன்னாம்மா கீது பாக்க?" என்று கேட்ட அதே பெண். ஞானகுமாரி படகின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்தாள். மகள் ஒரே ஒரு தடவை தன்னை அப்படிப் பார்த்து வாயைப் பிளக்கமாட்டாளா என்று அவளுக்கு ஏக்கம். அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

திட்டில் இறங்கியதும் ஜாபஸ் பையை உதறினான். இரண்டு வளையும் கம்பிகள், நாலு கொக்கிகள், அவ்வளவுதான். நீலக் கூடாரம் தானாக எழுந்து நின்றது. ஞானகுமாரியின் கூடாரத்தை நிறுத்த ஆறு ஆள் வேண்டும். ஜாஸ்லினின் மகன் ரோஹித் முதலில் உள்ளே பாய்ந்தான். பின்னாலேயே ஃபெபி போய் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"பேசாம நான் சித்தி ஊட்லயே பொறந்திருக்கலாம்!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். ஞானகுமாரியும் பல்லைக் காட்டிவிட்டு, கூடாரத்துக்குப் பின்பக்கம் போய் நின்றாள்.

நின்றவளின் கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை. பழக்கம். பின்சுவரின் தையலைத் தடவிக்கொண்டே மேலிருந்து கீழே வந்தது. அடிவிளிம்பில் நூல் நுனி ஒன்று தொங்கியது. குனிந்து பார்த்தாள். சங்கிலித் தையல். அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருப்பார்களே, நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று கடைசிவரை பிரிந்து வருமே, அதே வகை. முடிக்கும் இடத்தில் யாரோ பூட்டாமல் விட்டிருந்தார்கள். அவள் பிரிவில் இப்படி வந்தால் நுனியைக் கடைசிக் கண்ணிக்குள் விட்டு முடிச்சுப் போடுவார்கள். அரை நிமிஷ வேலை. எத்தனையோ ஆயிரம் தடவை போட்ட முடிச்சுக்கு அவள் விரல் தயாராகியும்விட்டது.

உள்ளேயிருந்து ஃபெபியின் குரல் கேட்டது. "அடுத்த தபா அம்மால்லாம் வேணாம் சித்தி. என்னை மட்டும் இட்டுகினு போ."

ஞானகுமாரி சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. முடிச்சுப் போடவில்லை. இழுத்தாள்.

அடியிலிருந்து கூரைவரை சுவர் வாய் பிளந்தது. ஏரிக்காற்று உள்ளே புகுந்து கூடாரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தது. ரோஹித் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தான். எல்லோரும் பின்பக்கம் வந்தபோது ஞானகுமாரியின் கையில் சுருள்சுருளாக நூல் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள்.

ஜாஸ்லின் நூலைப் பார்த்தாள். கிழிந்த சுவரைப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் கைவைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நான் இன்னா சொன்னேன்? அக்கா ஒருவாட்டி பாக்காம புள்ளைய உள்ள படுக்க வைக்க மாட்டேன்னு சொன்னனா இல்லியா? மழைல, காத்துல இது பிச்சிகினு இருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"தப்புதான் அண்ணி," என்றான் ஜாபஸ். "வாங்கறதுக்கு முன்னாடியே உங்களாண்ட கேட்டிருக்கணும்."

"இதுக்குத்தான்கா உன்னைக் கூப்டதே. ஏசப்பாதான் உன்னை இட்டாந்தாரு."

ஃபெபி அம்மாவின் கையிலிருந்த நூலை வாங்கி, வாயைப் பிளந்து பார்த்தாள். "எப்டிம்மா கண்டுபுடிச்ச? இம்மாந்துண்டு நூலப் பாத்தே தெரிஞ்சிடுமா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மகளின் கண் அப்படி விரிந்து இதற்கு முன் அவள் பார்த்ததில்லை. "சும்மா தடவிப் பாத்தேன்," என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

கைப்பையில் எப்போதும் ஊசி இருக்கும். புல்லில் உட்கார்ந்து கிழிந்ததைத் தைக்கத் தொடங்கினாள். ஃபெபி துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தனக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லி நச்சரித்தாள். ஜாஸ்லின் புது அடுப்பில் டீ போட்டு, முதல் கிளாஸை அக்காவிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

ஞானகுமாரி குனிந்தபடியே கையை மட்டும் நீட்டி வாங்கினாள். நிமிர்ந்தால் தங்கையின் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும். இத்தனை வருஷமும் எதற்கெல்லாமோ வயிறெரிந்தாளே, அதெல்லாம் ஒரு எரிச்சலே இல்லை என்று இப்போது தெரிந்தது. நூலும் கையுமாக நின்றவளைப் பார்த்தும் இவளுக்கு ஒரு துளி சந்தேகம் வரவில்லையே! அந்த மனசு ஏன் தனக்கு வாய்க்கவில்லை என்று எரிந்தது. அதைக் காசு சேர்த்து வாங்கிவிடவும் முடியாது.