இலை போடாத குடுவை

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். இது நடந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். இந்தக் கதையில் ஒரு பொய் சொன்னேன், அதையும் மறைக்கப் போவதில்லை.

யோக்யகர்த்தாவில் எம்.எஸ்சி. கடைசிப் பருவம். இலையைக் கொதிக்கவைத்துச் சாறெடுத்து, வெள்ளி உப்புக் கரைசலில் ஊற்றுவதுதான் என் ஆய்வு. கரைசல் பழுப்பானால் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் பிறந்துவிட்டது என்று அர்த்தம். அது கிருமியைக் கொல்லும். நான்கு மாதமாக எனக்கு எதுவும் பழுப்பாகவில்லை. திங்கட்கிழமைக்குள் முடிவு தராவிட்டால் என் பட்டம் போச்சு.

வியாழன் மாலை இடுகாட்டுக்குப் போய், ஒரு குழிமேட்டில் நின்ற மரத்தில் கள்ளிமந்தாரை இலை பறித்தேன். அங்கே பறிக்கும் முன் குழியில் இருப்பவரிடம் அனுமதி கேட்பது எங்கள் வழக்கம். அவசரத்தில் நான் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளி. கூட ஆய்வு செய்யும் ஜாத்மிகோ தொழுகைக்குக் கிளம்பினார்.

"ரெட்னோ, குடுவையையே முறைச்சுக்கிட்டிரு. பயந்துபோய்ப் பழுப்பாயிடும்."

"போங்கண்ணே, வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க."

மணி 11:42. ஆய்வகத்தில் நான் மட்டும். நான்கு குடுவைகள். மூன்றில் இலைச்சாறு ஊற்றினேன். நான்காவதில் இலையே கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். அது எத்தனை நாளானாலும் நிறம் மாறக்கூடாது.

12:03. மூன்றும் அப்படியே இருந்தன. உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நகத்தைக் கடித்துத் துப்பினேன்.

12:09. ஒரு வாசம்… பூ இல்லை. மருந்தும் இல்லை. பச்சைக் குழந்தையின் கழுத்தில் வீசுமே, அது.

12:11. கிர்ர்ர்… பின்னால் நாற்காலி இழுபட்டது. திரும்பினேன். யாருமில்லை.

"ம்ம்ம்… ம்ம்ம்…"

யாரோ தாலாட்டுகிற முனகல்.

12:14. நான்காவது குடுவை… கரும்பழுப்பு.

தொட்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

ஜாத்மிகோ திரும்பி வந்ததும் கத்தினார். "அடேயப்பா! ஆயிடுச்சே! எதுல?"

"இலை போட்டதுல," என்றேன். அதற்குள் குடுவைகளின் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியிருந்தேன். அந்தக் கரைசல் கிருமிகளைத் துப்புரவாகக் கொன்றது. என் ஆய்வு வழிகாட்டி மேடம் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது வாரம், சோதனைக்கு அனுப்பிய வெளியூர் ஆய்வகத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்.

"ஏம்மா, இதுல இலைச்சத்தே இல்லையே? துகளைச் சுத்தி இருக்கறது தாய்ப்பால். உங்க லேப்ல கைக்குழந்தைக்காரி யாரு?"

அப்படி யாருமே இல்லை.

மேடத்திடம் உண்மையைச் சொன்னேன். பட்டம் நின்றுபோனது. அழக்கூடத் தோன்றவில்லை. நேராக இடுகாட்டுக்கு ஓடினேன்.

காவல்காரர் சுகெங் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். மரத்தைக் காட்டினேன்.

"அதுவா? முப்பது வருஷத்துக்கு முன்னாடி செத்த பொண்ணும்மா. பிள்ளை பொறந்தவுடனே போயிடுச்சு. பால் கட்டி, காய்ச்சல் வந்து, ஒம்பதாம் நாள் அவளும் போயிட்டா. ரெண்டு பேருக்கும் ஒரே குழி. ஆமா, பறிக்கும்போது கேட்டியா?"

"இல்லண்ணே."

செதுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அடிப்பாவி… அம்மாகிட்ட கேக்காம எடுக்கறது பெத்த பிள்ளை மட்டுந்தானேம்மா. உன்னைத் தன் பிள்ளைன்னு நெனச்சுட்டா."